தராசோடு தொடங்கும் சோப்

(கொடைக்கானல் மேல்மலைக் கிராமமான கிளாவரையில் மகளிர் சுயஉதவிக் குழுவினர் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



‘கெமிக்கல் இல்லாத இயற்கை சோப் வீட்டிலேயே செய்வது எப்படி’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தீர்கள். அழைத்தவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தத் தலைப்பில் பேச எனக்கு வழியில்லை. கெமிக்கல் இல்லாமல் சோப் கிடையாது. எண்ணெயோடு காரம் சேர்ந்தால்தான் சோப். கட்டிச் சோப்புக்கு அந்தக் காரம் காஸ்டிக் சோடா. பத்து ரூபாய் சோப்பிலும் அதுதான், ஐந்நூறு ரூபாய்க்குச் சணல் கயிறு கட்டி விற்கிற சோப்பிலும் அதுதான். ‘எங்கள் சோப்பில் காஸ்டிக் போடவே இல்லை’ என்று ஒருவர் சொன்னால், வேறு யாரோ காஸ்டிக் போட்டுச் செய்த சோப் பேஸைக் கட்டியாக வாங்கி, உருக்கி, மணமும் நிறமும் சேர்த்து அச்சில் ஊற்றியிருப்பார். அதுவும் ஒரு கைவேலைதான், குறை சொல்லவில்லை. சமைத்தது அவரில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தக் காஸ்டிக் எங்கிருந்து வருகிறது? உப்பிலிருந்து. தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்தில், கடலோர உப்பைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா எடுக்கிறார்கள். அது எண்ணெயோடு கலந்ததும் எண்ணெய் உடைகிறது. அதன் கொழுப்பு அமிலம் காரத்தோடு சேர்ந்து சோப்பாகிறது, மிச்சம் கிளிசரினாகப் பிரிகிறது. எண்ணெய்க்குள் நடப்பது இன்னதென்று பிரான்சு நாட்டு வேதியியலாளர் செவ்ரல் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்து சொன்னார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே மனிதர்கள் சாம்பல் காரத்தையும் கொழுப்பையும் சேர்த்துக் காய்ச்சிக்கொண்டுதான் இருந்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் அடுப்புச் சாம்பலால் எண்ணெய்ப் பாத்திரம் துலக்கினார்களே, அதுவும் இதே காரத்தின் வேலைதான்.

கணக்காகச் செய்த சோப்பில் காஸ்டிக் மிஞ்சுவதில்லை, அத்தனையும் சோப்பாக மாறிவிடும். கணக்குத் தப்பினால் மிஞ்சும். மிஞ்சியது தோலைப் பொசுக்கும். ஆகவே இது ‘கெமிக்கலா, இயற்கையா’ என்ற வழக்கே அல்ல. எவ்வளவு போட்டோம் என்பது தெரியுமா, தெரியாதா? நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். சோப் தராசில் தொடங்குகிறது. தராசு இல்லாத வீட்டில் சோப் வேண்டாம்.

கணக்கைப் பார்ப்போம். ஒவ்வோர் எண்ணெயும் ஓர் அளவு காஸ்டிக்கைத்தான் ஏற்கும். 100 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 18 கிராம் வேண்டும். கடலை எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் 13 கிராமுக்குச் சற்று மேலே. விளக்கெண்ணெய்க்கு 13 கிராமுக்குச் சற்றுக் கீழே. தேங்காய் எண்ணெய்க்குச் சொன்ன அளவைக் கடலை எண்ணெய்க்குப் போட்டால், 100 கிராமுக்கு நாலரை கிராம் காஸ்டிக் அனாதையாக நிற்கும். இருக்கிற எண்ணெயை ஊற்றிச் சமாளிக்கும் பழக்கம் சமையலறையோடு நிற்கட்டும். எண்ணெயை மாற்றினால் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒரு கணக்குத் தருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் 500 கிராம், கடலை எண்ணெய் 400 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம். மூன்றுக்கும் முழுதாக வேண்டிய காஸ்டிக் ஏறத்தாழ 159 கிராம். நாம் போடப்போவது 150 கிராம். ஏன் குறைக்கிறோம்? நூற்றுக்கு ஐந்து பங்குக்குச் சற்று மேலாக எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சட்டும் என்றுதான். அது தோலுக்கு மெத்தென்றிருக்கும். தராசில் ஓரிரு கிராம் முன்பின் ஆனாலும் காப்பாற்றும். தண்ணீர் 330 கிராம். தண்ணீரையும் எடைதான் போட வேண்டும், டம்ளர் அளவு உதவாது. தேங்காய் எண்ணெய் நுரைக்கும் கெட்டிக்கும், கடலை எண்ணெய் மென்மைக்கு, விளக்கெண்ணெய் நுரை நிலைக்க. ‘எல்லாமே தேங்காய் எண்ணெயாகப் போட்டால் என்ன?’ என்று கேட்பீர்கள். போடலாம், நுரை பொங்கும். ஆனால் தோலின் எண்ணெயையும் சேர்த்துத் துடைத்துவிடும். இந்தக் குளிரில் ஏற்கெனவே வெடித்திருக்கும் கைகால் இன்னும் வெடிக்கும்.

எச்சரிக்கைகளை மனப்பாடமாகவே சொல்லித் தருகிறேன். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் கொட்ட வேண்டும். தண்ணீரைக் காஸ்டிக்கின் மேல் ஊற்றவே கூடாது, பொங்கி முகத்தில் தெறிக்கும். அடுப்பே இல்லாமல் அந்தத் தண்ணீர் கொதிநிலைக்குப் பக்கம்வரை சுடும். ஆவியை முகர்ந்துவிடாமல் திறந்த இடத்தில் கலக்குங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியச் சட்டி ஆகாது. காஸ்டிக் அதை அரிக்கும், எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு கிளம்பும். எவர்சில்வர் பாத்திரம் நல்லது. சோப்புக்கு எடுத்த பாத்திரம் மறுபடி சோற்றுக்கு வரக் கூடாது. கையில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவுங்கள். வினிகர் ஊற்றுவது தவறு. கண்ணில் பட்டால் விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். உங்கள் ஊரிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் மலைப்பாதை. பெரிய ஆஸ்பத்திரி அத்தனை தூரத்தில் இருக்கும்போது ஜாக்கிரதையும் அதற்கேற்பக் கூட வேண்டும். குழந்தைகள் நடமாடும் நேரத்தில் இந்த வேலையே கூடாது.

காஸ்டிக் தண்ணீரும் எண்ணெயும் இளஞ்சூடாக இருக்கும்போது, எண்ணெயில் காஸ்டிக் தண்ணீரை ஊற்றிக் கலக்க வேண்டும். கலவை இட்லி மாவுப் பதத்துக்கு வந்து, கரண்டியைத் தூக்கினால் விழுகிற கோடு மேலே சற்று நின்றால் அச்சில் ஊற்றலாம். மறுநாள் அல்லது அதற்கு மறுநாள் வெட்டலாம். பிறகு நான்கிலிருந்து ஆறு வாரம் காற்றாட அடுக்கிவைத்து ஆறப்போட வேண்டும்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இனி மேல்மலைக்கு. சமவெளியில் எழுதிய செய்முறைகளை இங்கே அப்படியே பின்பற்றினால் மூன்று இடத்தில் இடறும்.

முதலாவது, குளிர். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மதுரையில் வருஷத்தின் பெரும்பகுதி அதை எண்ணெயாகவே பார்க்கலாம். உங்கள் வீட்டில் டப்பாவைக் கவிழ்த்தாலும் விழாது. ஆறின கலவைக்குள் தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பித்தால், கலவை கெட்டியாகிப் பதம் வந்துவிட்டதுபோலத் தெரியும். வந்தது பொய்ப்பதம். அச்சில் ஊற்றினால் எண்ணெய் ஒரு பக்கமும் காஸ்டிக் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். அதனால் எண்ணெயை 40 டிகிரி சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். அச்சை ஊற்றியதும் கம்பளியால் மூடிவிடுங்கள். உள்சூட்டிலேயே அது சோப்பாக வேண்டும்.

இரண்டாவது, மஞ்சு. மிஞ்சியிருக்கும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கும். பெரிய ஆலைகள் கிளிசரினைப் பிரித்துத் தனியே விற்றுவிடுகின்றன. கைச்சோப்பில் அது உள்ளேயே தங்குகிறது. தோலுக்கு அது தரும் இதம்தான் கைச்சோப்பின் பெரிய லாபம். ஆனால் மஞ்சு இறங்கும் மாதங்களில் அதே கிளிசரினால் சோப்பின் மேல் ஈரம் முத்துமுத்தாகப் பூக்கும், ஆறு வாரத்தில் காய வேண்டியது எட்டு வாரம் கேட்கும். வெயில் காயும் மாதங்களில் செய்து வையுங்கள். அடுப்படிச் சூடு படும் அட்டாலியில், புகை பிடிக்காத பக்கமாக அடுக்குங்கள். எடை குறைவது நிற்கும்வரை வாரம் ஒருமுறை ஒரே கட்டியை எடை போட்டுப் பாருங்கள். எடை நின்றால் சோப் ஆறிவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது, தண்ணீர். இது உங்களுக்கு வாய்த்த நல்லது. மலை ஓடைத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு, அதனால் சோப் கொஞ்சம் தேய்த்தாலே நுரைக்கும். கீழே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அதே சோப் சுண்ணாம்போடு சேர்ந்து திரிந்து, வாளியோரம் அழுக்குப் படலமாக ஒட்டும். உங்கள் வீட்டில் பிரமாதமாக நுரைத்ததைத் திண்டுக்கல்லில் வாங்கினவர் ‘நுரையே இல்லை’ என்று சொன்னால் இரண்டு பேர் சொல்வதும் உண்மை. கீழே விற்பதற்கு முன் கீழே உள்ள தண்ணீரில் சோதித்துப் பாருங்கள்.

அடுத்து மணமும் நிறமும். இந்த மலையில் தைலமரம் இருக்கிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தைலம் காய்ச்சுவது நெடுநாள் தொழில். நூறு கிலோ இலையைக் காய்ச்சினால் ஏறத்தாழ ஒரு கிலோ தைலம்தான் தேறும். ஒரு கிலோ எண்ணெய்க்கு 20 கிராம் தைலம் போதும், கலவை பதம் வந்த பிறகு கடைசியில் சேர்க்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கான சோப்பில் தைலம் கூடவே கூடாது. இந்த மலைகளில் ஜெரேனியமும் வாசனை எண்ணெய்க்காகப் பயிரிடப்பட்டிருக்கிறது; ரோஜாவை ஒட்டிய அதன் மணம் சோப்பில் நன்றாக நிற்கும். இலை பறிப்பதில் ஒரு சட்டம் குறுக்கே நிற்கிறது. 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டபின், காட்டிலிருந்து எதை எடுப்பதற்கும் வனத்துறையைக் கேட்க வேண்டும். உங்கள் பட்டாக் காட்டு வரப்பில் நிற்கும் மரத்தின் இலையே முதல் சரக்காக இருக்கட்டும்.

நிறத்துக்கு மஞ்சளைப் போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலக்கினால் சிவக்கிறதல்லவா? காஸ்டிக்கும் சுண்ணாம்பைப் போல ஒரு காரம்தான், அது பட்டதும் மஞ்சள் சிவக்கும். சோப் ஆற ஆற அந்தச் சிவப்பு இறங்கிப் பழுப்பு கலந்த மஞ்சளாக வந்து நிற்கும். துளசி, வேப்பிலைப் பச்சையும் நிலைக்காது, பழுத்துவிடும். உங்கள் ஊர்க் கேரட்டுக்கு நல்ல வேலை இருக்கிறது. கேரட்டை வேகவைத்து, மைபோல அரைத்து, காஸ்டிக் கரைக்கும் தண்ணீரில் அந்த எடையைக் கழித்துக்கொண்டு சேர்த்தால் இதமான ஆரஞ்சு நிறம் கிடைக்கும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, அதையும் சோப்பில் போடலாமா என்று கேட்டார் ஒரு தம்பி. அது ரசத்திலேயே இருக்கட்டும்.

காஸ்டிக்கைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு வேறு வழியும் உண்டு. சீயக்காய், பூந்திக்கொட்டை, அரப்பு மூன்றும் காரம் சேர்க்காமலே நுரைக்கும். அவற்றில் சப்போனின் என்ற பொருள் இயற்கையாகவே இருக்கிறது. பழனி மலையின் தாழ்ந்த சரிவுகளில் பளியர் பழங்குடியினர் காலங்காலமாகச் சேகரித்துவரும் சரக்கு சீயக்காய். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ சேர்த்த நலங்கு மாவுக்கும் காரம் வேண்டாம். இவற்றில் தீக்காயம் இல்லை, காத்திருக்கும் ஆறு வாரமும் இல்லை. எதிரி ஒன்றே ஒன்று, ஈரம். மஞ்சு நாளில் அரைத்து டப்பாவில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். நன்றாகக் காய்ந்த வெயில் நாளில் அரைக்க வேண்டும். மூலப்பொருளில் பாதி கீழிருந்து வர வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இந்தத் தொழிலில் நமக்கு முன்னால் நடந்தவர்கள் இருக்கிறார்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறையைக் கட்டியெழுப்பிய பிரடெரிக் நிக்கல்சன், மலபார்க் கரையில் மீனெண்ணெயிலிருந்து சோப் செய்ய வைத்தார். காப்பித் தோட்டத்தில் பூச்சிக்குத் தெளிக்க உதவிய சோப் அது. செடிக்கும் சோப் மருந்தாகும் என்பது விவசாயிகளான உங்களுக்குத் தெரிய வேண்டும். தண்ணீரில் எளிதாகக் கரையும் பொட்டாஷ் சோப்பை லிட்டருக்கு 10 முதல் 20 கிராம் கரைத்து அசுவினி மேல் படும்படி தெளித்தால் அது சாகும். முதலில் நாலு இலையில் தெளித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பாவும் அவரோடு நின்றவர்களும் கிராமத் தொழில்களில் சோப்பையும் சேர்த்தார்கள். சாப்பிடுகிற எண்ணெயைத் தொடாமல் வேப்ப எண்ணெய், புங்க எண்ணெய், இலுப்பை எண்ணெயில் செய்யுங்கள் என்பது அந்த வழி. வீணாகும் விதைக்கு விலை கிடைக்கும், ஊருக்கு வேலையும் கிடைக்கும். 1957-ல் அமைந்த கதர் கிராமத் தொழில் ஆணையம் இந்த எண்ணத்தைத் தொடர்ந்தது. உங்கள் மாவட்டத்திலேயே டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய காந்திகிராமம் கிராமக் கைத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள்.

வீட்டில் பிறந்து பெரிதான சோப் ஒன்றும் தமிழ்நாட்டில் உண்டு. சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்த வி.பி. சித்தன், தொழிலாளர்களின் தோல் நோய்க்குத் தான் தந்த மூலிகை எண்ணெயைச் சோப்பாக்கி, 1969-ல் மனைவி சௌபாக்கியத்தோடு வீட்டிலேயே செய்யத் தொடங்கினார். அதுதான் மெடிமிக்ஸ். கம்பெனி வளர்ந்த பிறகும் கையால் செய்யும் முறை நெடுங்காலம் தொடர்ந்தது. கையால் செய்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வர வேண்டும் என்பதுதான் அந்தச் சோப்பிடம் நாம் கற்க வேண்டியது. இந்த மாதம் வாங்கினவர் அடுத்த மாதமும் அதே கட்டியை எதிர்பார்ப்பார். அதை நினைவாற்றலால் சாதிக்க முடியாது, நோட்டுப் புத்தகத்தால்தான் முடியும்.

கடலூரிலிருந்து இன்னொரு கதை. ஏழையும் ஷாம்பு வாங்க வேண்டும் என்று சின்னிகிருஷ்ணன் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியைத் திறந்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தனியே தொழில் தொடங்கி, சிக் ஷாம்பு பாக்கெட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனார். நல்ல எண்ணம், பெரிய வெற்றி. அந்தப் பாக்கெட்டுகள்தான் இன்று டீக்கடையில் சரம் சரமாகத் தொங்குகின்றன, குளித்து முடித்ததும் ஓடையோரம் கிடக்கின்றன. மேல்மலையின் வடமேற்குச் சரிவில் விழுகிற தண்ணீர் அமராவதிக்குப் போகிறது. ஓடையின் தலைமாட்டில் குடியிருக்கிறவர்கள் போடுவது கீழே உள்ள அத்தனை பேர் வாசலுக்கும் போகும். கைச்சோப்பைக் காகிதத்தில் சுற்றலாம், அது மக்கிவிடும். கையோடு ஒன்று: சோப்பும் அழுக்குத்தான். சோப் நீரை ஓடையில் நேராக விடாமல் வாழைக்கோ செடிக்கோ பாய்ச்சுங்கள்.

தண்ணீர் என்று வந்துவிட்டால் கொடைக்கானலில் பாதரசத்தைப் பேசாமல் இருக்க முடியாது. சோப் விற்கும் பெருங்கம்பெனியான இந்துஸ்தான் லீவரின் வெப்பமானித் தொழிற்சாலை இந்த மலையில் இருந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு வெளியே போனது அம்பலமானதும் 2001-ல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் 2016-ல்தான் உடன்பாடு வந்தது. நமது காஸ்டிக் சோடாவையும் பழைய ஆலைகள் பல பாதரசத்தை வைத்துத்தான் எடுத்தன. போராடிப் போராடி அந்த முறையை விட்டு இப்போது சவ்வு முறைக்கு மாறியிருக்கிறார்கள். முகம் வெளுக்கும் என்று விற்கும் சில கிரீமிலும் சோப்பிலும் இன்னும் பாதரசம் அகப்படுகிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் 2013-ல் செய்த மினமாட்டா உடன்படிக்கை அழகுப் பொருளில் உள்ள பாதரசத்துக்கும் பொருந்தும், நம் நாட்டு விதிகளும் அதைத் தடை செய்கின்றன. வெளுப்புத் தரும் சோப் செய்து தாருங்கள் என்று யாராவது கேட்டால், கொடைக்கானல்காரர்கள் நாங்கள், எங்களுக்குத் தெரியும் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இனி விற்பனை. வீட்டுக்குச் செய்வதற்கு யாரையும் கேட்க வேண்டாம். விற்க வேண்டுமானால் உரிமம் வேண்டும். 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுப் பொருள் சட்டத்தில் முதலில் சோப் விலக்கப்பட்டிருந்தது. 1982-ல் திருத்தம் வந்து சோப்பும் உள்ளே வந்துவிட்டது. இப்போது 2020-ன் அழகுப் பொருள் விதிகள் நடப்பில் உள்ளன, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உரிமம் தருகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் உரிமம் எடுப்பது நடக்காத காரியம். குழுவாகச் சேர்ந்து ஒரு கூடம் அமைக்கலாம். இல்லையென்றால் உரிமம் உள்ள ஒருவரின் கூடத்தில் உங்கள் சரக்கைச் செய்துகொள்ள லோன் லைசன்ஸ் வழி உண்டு. உறையில் எடை, விலை, செய்த தேதி, சேர்மானம் எல்லாம் இருக்க வேண்டும். காயக் காய எடை குறையும் பண்டம் இது, ஆறாமல் அடைத்தால் எடைக்குறைவு வழக்கு வரும்.

உறையில் எழுதக் கூடாதவற்றையும் சொல்கிறேன். ‘பி.எச். 5.5’ என்று எழுதாதீர்கள், உண்மையான சோப் 9-க்கும் 10-க்கும் இடையில்தான் நிற்கும். அதைக் கீழே இறக்கினால் சோப் உடைந்து கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிடும். ‘சொரியாசிஸ் போகும்’ என்று எழுதாதீர்கள். நோய் தீர்க்கும் என்று சொன்னால் அது மருந்து, சட்டமும் மாறிவிடும். ‘கெமிக்கல் இல்லை’ என்பதை முதலிலேயே ஒதுக்கிவிட்டோம்.

அப்படியானால் எதைச் சொல்லி விற்பது? உள்ளதை. இன்ன எண்ணெய் இத்தனை கிராம், காஸ்டிக் இத்தனை கிராம், ஊற்றிய நாள் இது, ஆறிய வாரம் இத்தனை, ஊர் கிளாவரை. கடைச்சோப்பில் கொழுப்புச் சத்தின் அளவை டி.எஃப்.எம். என்று போடுவார்கள். இந்தியத் தர அளவில் முதல் தரக் குளியல் சோப்புக்கு அது 76 சதவீதம். அதற்கு மேல் அந்தக் கட்டியைச் செய்தவர் யார், எப்போது என்று கேட்டால் பதில் வராது. உங்களால் சொல்ல முடியும், விலை அந்தப் பதிலுக்குத்தான். மேல்மலைக்கு வரும் விருந்தாளி ஹோம்ஸ்டேயில் ஒரு கட்டியைக் கையில் எடுத்து, ‘யார் செய்தது?’ என்று கேட்டால், நோட்டைப் பிரித்துத் தேதியோடு காட்டுங்கள்.

குழு இன்று முடிவெடுக்க வேண்டியது இரண்டு செலவு: ஒரு கிராம் வரை காட்டும் எலக்ட்ரானிக் தராசு ஒன்று, நூறு பக்க நோட்டு ஒன்று. முதல் கட்டியை நீங்களும் உங்கள் வீட்டாரும் தேய்த்துக் குளியுங்கள். உங்கள் பிள்ளைக்குத் தேய்க்கத் துணியாததை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு விற்காதீர்கள். கூடமும் உரிமமும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம். இனி நீங்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.